பின்னால் உட்காருபவரின் கால்

கால்மிதி என்றால் தமிழில் வாசலில் கிடக்கும் சாக்குத்துண்டு. மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவர் கால் ஊன்றும் சிறு இரும்புத் தண்டுக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் எந்தப் பட்டறையிலும் விளங்காது. 'பின்னாடி ஃபுட்ரெஸ்ட்' என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். குதிரைக்கு மட்டும் அங்கவடி என்றொரு அழகிய சொல் நம்மிடம் இருந்திருக்கிறது. குதிரை போயிற்று, அதோடு சொல்லும் போயிற்று. செஞ்சியில் இருந்துகொண்டு குதிரையை நினைக்காமல் வண்டியைப் பற்றி எழுதுவது எங்களுக்கு இயலாததாகையால் வாசகர்கள் இந்தச் சிறு சுற்றுவழியைப் பொறுத்தருள வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் நெடுஞ்சாலை எங்கள் ஊரைத் தாண்டியதும் கோட்டைக்குள்ளேயே நுழைந்து, ஒருபுறம் ராஜகிரியும் மறுபுறம் கிருஷ்ணகிரியும் நிற்க நடுவே செல்கிறது. ராஜகிரியின் அடிவாரத்தில் களஞ்சியத்துக்கும் கல்யாண மகாலுக்கும் அருகில் குதிரை லாயம் இருக்கிறது. சிவாஜி 1677-இல் பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகைக்கு ஈடுகொடுத்ததும் இங்கிருந்துதான். அதன் பொருட்டே 2025 சூலையில் மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து ஒன்றே ஒன்றாக, உலக மரபுச் சின்னப் பட்டியலில் செஞ்சி சேர்ந்தது. ஆனால் ஊராரிடம் கேட்டால் சிவாஜியைச் சொல்ல மாட்டார்கள். தேசிங்கு ராஜாவைச் சொல்வார்கள். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து மாண்ட இளைஞன். ஆண்டது சில மாதங்கள்தாம், வாழ்வது கதைப்பாடலில். அந்தக் கதையில் குதிரைக்கு உள்ள இடம் பெரிது. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்றும், இராணிப்பேட்டை அவள் நினைவாகவே அப்பெயர் பெற்றது என்றும் சொல்வார்கள். அவளுக்குச் சிதையில் இடமிருந்தது, ஓர் ஊரின் பெயரில் இடமிருந்தது. குதிரையில் இருந்ததாகக் கேள்வியில்லை.

பின்னிருக்கையை ஆங்கிலத்தில் பில்லியன் என்கிறார்கள். கேலிக் மொழியில் சிறு மெத்தையைக் குறித்த சொல்லாம். அதன் வேர் லத்தீனில் தோல் என்ற பொருளுடையது. சேணத்துக்குப் பின்னால் கட்டிய மெத்தை, பெரும்பாலும் பெண்களுக்கானது. இடைக்கால ஐரோப்பாவில் அவர்கள் குதிரையில் ஒருபக்கமாக அமர்ந்து, இரு பாதங்களையும் ஒரு சிறு பலகையின்மேல் வைத்துப் போயிருக்கிறார்கள். நம் ஊர் வண்டிகளின் இடப்பக்கத்தில் 'லேடீஸ் ஃபுட்ரெஸ்ட்' என்ற பெயரில் தொங்கும் தகட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பலகையை விளக்க வேண்டியதில்லை.

இனி எங்கள் வண்டிக்கு வருகிறோம். நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். இதை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்; யார் எந்த வரி என்பது எங்களுக்குள் இருக்கட்டும்.

1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் நூறு சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, அடுத்த ஆண்டு ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100. அதுவரை மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களில் பலர் வசதியுள்ளவர்கள். பால்காரர்களிலும் காய்கறிக்காரர்களிலும் பலர் சைக்கிள் மிதித்தார்கள். குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடிய இந்த வண்டிகளே அவர்களை மோட்டாரில் ஏற்றின. எங்கள் அப்பா 1998-இல் அவ்வகை வண்டி ஒன்றை வாங்கினார். கிராமங்களில் பால் கறந்து வாங்கி வந்து, வீட்டில் அளந்து, செஞ்சி நகரத்துத் தெருக்களில் ஊற்றுவது அவர் தொழில்.

வாங்கிய வாரத்திலேயே பின் ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் கழற்றிவிட்டார். சாரி கார்டையும் கழற்றினார். அவற்றின் ஓட்டைகளிலும் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டிலும் கொல்லரிடம் வளைத்து வாங்கிய கொக்கிகளை மாட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இருபது லிட்டர் கேன்களைத் தொங்கவிட்டார். பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது; இருபது லிட்டர் என்பது இருபதரைக் கிலோவுக்கு மேல். கேனின் எடை தனி. பின்னிருக்கையின் மேல் இன்னொரு சிறு கேன், அளவைகள், வடிதுணி. ஆகவே அந்த வண்டி பிறந்த ஏழாம் நாளிலிருந்து ஒற்றை ஆள் வண்டி. சிறுவயதில் நாங்கள் பெட்ரோல் டேங்கின் மேல் முன்னால் உட்கார்ந்து போயிருக்கிறோம். அம்மா ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை. ஒரே கல்யாணத்துக்கு அப்பா வண்டியிலும் அம்மா பஸ்ஸிலும் போய்ச் சேருவார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்கு ஊரே போகும் இரவுகளில் அம்மா பஸ் கூட்டத்தில் நின்றுகொண்டே போவார். இதை யாரும் குறையாகப் பேசிய நினைவு எங்களுக்கு இல்லை. எல்லா வீடுகளிலும் ஏதோ ஒன்று அப்படித்தான் இருந்தது.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி என்று ஒன்று உண்டு. பின்னால் ஆள் அமர வசதியுள்ள மோட்டார் சைக்கிளுக்கு நிலையான கைப்பிடியும், கால் வைக்க ஃபுட்ரெஸ்டும், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. 'உடை' என்று விதி பொதுவாகச் சொன்னாலும் அது புடவையையும் துப்பட்டாவையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதை ஊகிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. முந்தானை ஆரக்கால்களில் சுற்றிக்கொண்டால் கணநேரத்தில் ஆளை இழுத்துக் கீழே தள்ளிவிடும். கால் ஊன்ற இடமில்லாதவர் இன்னும் எளிதாக விழுவார். வலப்பக்கம் தொங்கும் காலுக்கோ சைலன்சர் காத்திருக்கிறது. கெண்டைக்காலின் உட்புறத்தில் வெற்றிலை வடிவத் தழும்போடு திரியும் பிள்ளைகள் எங்கள் தெருவில் பலர். நமது விதிப் புத்தகங்களில் இவ்வளவு கண்ணெதிரான அனுபவத்திலிருந்து பிறந்த விதிகள் அதிகமில்லை என்பது எங்கள் எண்ணம்.

அப்பா 2021-இல் காலமானார். வண்டி இரண்டு வருடம் கொட்டகையில் நின்றது. அம்மாவின் முழங்கால் தேய்மானம் அதற்குள் வளர்ந்துவிட்டது. பஸ்ஸின் முதல் படி அவருக்கு ஒரு மலை. ஷேர் ஆட்டோவில் குனிந்து ஏற முடிவதில்லை. மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கும், எப்போதாவது சிங்கவரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்கும் போக வேண்டும். சிங்கவரம் கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க வழியில்லாமல் அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வண்டியை மீண்டும் இரண்டு பேர் வண்டியாக்குவது என்று முடிவெடுத்தது எங்களில் மூத்தவள். இளையவனுக்குத் தயக்கம். கொக்கிகளில் அப்பா சைக்கிள் ட்யூபைக் கீற்றாகக் கிழித்துச் சுற்றியிருந்தார், கேனின் காது உராயாமல் இருக்க. அந்தச் சுற்றுகளின் ஒழுங்கில் அவர் கை அப்படியே இருந்தது. அதை அவிழ்ப்பதா என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தள்ளிப்போயின. மூன்றாவது ஞாயிறு, 'கொக்கியை வைத்துக்கொண்டு என்ன மாட்டப் போகிறாய்' என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

புதிய ஃபுட்ரெஸ்ட் வாங்கத் திண்டிவனம் போவதாக இருந்தோம். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பரண்ல தகர டப்பா ஒண்ணு இருக்கும், பாருங்க" என்றார். சாக்கில் சுற்றிய சாரி கார்டும், டப்பாவுக்குள் இரண்டு ஃபுட்ரெஸ்ட்டும், அவற்றின் பின், வாஷர், ஸ்பிரிங் அனைத்தும் எண்ணெய்த் துணியில் பொதிந்து இருந்தன. கம்பெனிப் பூச்சு மங்கவில்லை. அப்பாவின் சிக்கனத்தைப் பற்றி இளையவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"அவரு எங்க வெச்சாரு? எடைக்குப் போடச் சொன்னாரு. நான்தான் எடுத்து வெச்சேன்."

எதற்காக என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேலையைச் சொல்லிவிடுகிறோம், யாருக்கேனும் உதவலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே டீசல் விட்டு ஊறவைத்தோம். ஊறாத துருவோடு மல்லுக்கட்டினால் போல்ட்டின் தலைதான் உருளும். ஜப்பானிய வழி வந்த வண்டிகளுக்கு 10, 12, 14 என்ற மூன்று எண் ஸ்பேனர்கள் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். ஆனால் கடையில் வாங்கும் அதே 8 மி.மீ. போல்ட்டின் தலைக்குப் 12 சேராது, 13 வேண்டும். வீட்டு வேலைக்காரர்கள் கடைக்கு இரண்டாம் முறை நடப்பது பெரும்பாலும் இந்த ஒரு மில்லிமீட்டருக்காகத்தான்.

இடப்பக்கக் கொக்கியைக் கழற்றியபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. ஃபுட்ரெஸ்ட் மாட்டும் கவட்டையின் ஓட்டை வட்டமாக இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கேன் ஆடி ஆடி அதைக் கீழ்நோக்கி இழுத்து முட்டை வடிவமாக்கியிருந்தது. வலப்பக்க ஓட்டை அவ்வளவு தேயவில்லை. ஏன் என்று அம்மாதான் சொன்னார்: திரும்பி வரும்போது மீந்த பாலை எப்போதும் இடது கேனில்தான் ஊற்றிக்கொள்வாராம். ஓட்டை நீண்டிருந்தால் பின் ஆடும், ஃபுட்ரெஸ்ட் சரியும், ஒருநாள் கழன்று விழும். இதைப் பெரிய வாஷர் போட்டு மறைக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. வாஷர் ஓட்டையைக் கண்ணிலிருந்து மறைக்கும், அவ்வளவே.

வெல்டிங் மட்டும் வீட்டில் முடியாத காரியம். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பேட்டரியின் ஒயர்களையும் எடுத்துவிட்டு, வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டே போனோம். டேங்க் இருக்கும்போது அருகில் பொறி பறக்க விடுவது தற்கொலை. பேட்டரி இணைப்போடு வெல்டிங் செய்தால் மின் பாகங்கள் கெடலாம். பட்டறைக்காரர் கவட்டையைப் பார்த்ததும், "பால் வண்டியா?" என்றார். பழைய ஓட்டையை நிரப்பி, ராவி, அதே இடத்தில் புதிதாக 8 மி.மீ. துளை போட்டுக் கொடுத்தார். "யாரு உக்காரப் போறாங்க?" என்று கேட்டார். அம்மா என்றோம். உடனே மறுபக்கமும் ஒரு சுற்று வெல்டிங் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மற்றவை வீட்டுத் திண்ணையில். கவட்டையை உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் சிவப்புப் பூச்சு பூசி ஒருநாள் காயவிட்டோம். ஃபுட்ரெஸ்டின் ரப்பர் மட்டும் கல்லாக இறுகி வெடித்திருந்ததால் புதிது வாங்கினோம். அதை ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய் தடவினால் ஏறும், பின்பு வழுக்கும், ரப்பரும் ஊதிக் கெடும். பின்னை மேலிருந்து கீழாகச் செருகி, கீழ்முனையில் ஸ்பிளிட் பின் போட்டு இரு கால்களையும் விரித்து மடக்கினோம். இந்தத் திசைக்குக் காரணம் உண்டு: ஸ்பிளிட் பின் என்றாவது ஒடிந்து விழுந்தாலும் பின் தன் தலையால் தொங்கி நிற்கும். கீழிருந்து செருகியிருந்தால் அதுவும் உடனே விழுந்துவிடும். ஃபுட்ரெஸ்ட் மேல்நோக்கியும் பின்நோக்கியும் மடங்க வேண்டும். வண்டி சாய்ந்து தரையில் தட்டினால் அது மடங்கிக்கொடுக்குமே தவிர வண்டியை நெம்பித் தூக்காது.

பழைய சிறு வண்டிகள் சிலவற்றில் பின் ஃபுட்ரெஸ்டைச் சக்கரத்தோடு ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மிலேயே வைத்திருப்பார்கள். இருக்கைக்கு ஷாக் அப்சார்பர் உண்டு, காலுக்குக் கிடையாது என்ற ஏற்பாடு. சாலையின் ஒவ்வொரு குழியையும் பாதம் தனியாக எண்ணிக்கொண்டு வரும். எங்கள் வண்டியில் கவட்டை ஃபிரேமில் இருந்தது. முழங்கால் தேய்ந்தவருக்கு இது சிறிய விஷயமன்று.

சாரி கார்டு பழைய இடத்தில் பொருந்தியது. அதன் கீழ்க்கம்பியில் மாட்டும் தகடு மட்டும் வண்டியோடு வந்ததன்று, கடையில் வாங்கியது. இதில்தான் கவனம் தேவை. ஒருபக்கமாக அமர்பவர் ஏறும்போது அந்தத் தகட்டை மிதித்து எழும்புவார். ஒரு நொடி அவருடைய முழு எடையும் அதன் விளிம்பில் நிற்கும். கடையில் தரும் கிளாம்ப் உருண்டைக் கம்பியைக் கவ்விக்கொண்டிருப்பது. எடை விளிம்பில் விழுந்தால் கம்பியைச் சுற்றிச் சுழலும். எனவே கிளாம்ப் ஒன்றை மட்டும் நம்பாமல், தகட்டின் மறுமுனையிலிருந்து ஒரு பட்டைக் கம்பியை ஃபுட்ரெஸ்ட் கவட்டைக்குக் கொண்டுபோய் போல்ட் போட்டு இறுக்கினோம். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். அத்தகைய 8 மி.மீ. போல்ட் நேர் இழுவையில் ஏறத்தாழ மூன்று டன் வரை அறுபடாது; 4.6 என்ற சாதாரண வகை அதில் பாதிதான். ஆனால் வண்டியில் போல்ட் அறுந்து கெடுவதைவிட அதிர்வில் தளர்ந்து கெடுவதே வழக்கம். அதற்காக நைலான் வளையம் வைத்த நட் போட்டோம்.

தகட்டின் உயரத்தில்தான் நெடுநேரம் போயிற்று. மேலே வைத்தால் முழங்கால் மடங்கி வலிக்கும்; கீழே வைத்தால் வேகத்தடையில் இடிக்கும். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, எந்த உயரத்தில் கால் வலியில்லாமல் நிற்கிறது என்று செங்கல்லும் பலகையும் அடுக்கி அளந்தோம். அம்மாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "எனக்குப் போயி அளவெடுக்கிறீங்களே," என்றார். பிறகு, செங்கல்லை எடுக்கச் சொல்லாமல், கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கழற்றிய கொக்கிகளை என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் தயங்கிக்கொண்டிருந்தபோது அம்மா வாங்கிக்கொண்டு போய்க் கொட்டகைச் சுவரில் அடித்து, ஒன்றில் கயிற்றையும் மற்றதில் முறத்தையும் மாட்டிவிட்டார். ட்யூப் சுற்று அவிழவில்லை.

முதல் நாள் சிங்கவரம் போகவில்லை. "ஊருக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வரலாம், தம்பி" என்றார் அம்மா. இளையவன் ஓட்ட, மூத்தவள் பின்னால் சைக்கிளில். திண்ணையை ஒட்டி வண்டியை நிறுத்தி, அம்மா தகட்டில் கால் வைத்து ஏறி, முந்தானையை இழுத்து மடியில் செருகிக்கொண்டார். இடக்கை கைப்பிடியில், வலக்கை மகனின் தோளில். முதல் வளைவில் தோளைப் பிடித்த பிடி இறுகியது. இரண்டாவது வளைவில் தளர்ந்தது.

அப்பா பால் ஊற்றிய தெருக்களுக்குள்தான் போகச் சொன்னார். கணக்கு நோட்டை எழுதியவர் அவர். ஐந்நூறு மில்லி, ஒரு லிட்டர், விசேஷத்துக்கு மூன்று லிட்டர் என்று ஒவ்வொரு வீட்டையும் இருபத்து மூன்று வருடம் எழுத்தில் அறிந்தவர். வீடுகளில் பலவற்றைப் பார்த்ததில்லை. "நிறுத்து, இது எந்த வீடு?" என்று கேட்பார். சொன்னால், "ஒன்றரை. சனிக்கிழம ரெண்டு," என்பார். பச்சைக் கதவு வைத்த ஒரு வீட்டின் முன் வண்டி நின்றபோது சற்றே நெடுநேரம் பார்த்தார். நோட்டில் அவர் அந்த வீட்டை 'மாடிப்படி வீடு' என்று எழுதிவந்தார்; அப்பா அப்படித்தான் சொல்வாராம். வெளியில் படி எதுவும் இல்லை, இடித்துக் கட்டியிருந்தார்கள். "இவங்க நானூத்தி இருவது ரூபா பாக்கி," என்றார் அம்மா. கேட்கலாமா என்றோம். வேண்டாம், போ என்றார்.

நெடுஞ்சாலையில் கோட்டைமதிலின் இடைவெளி வரை போய்த் திரும்பினோம். எதிரே திருவண்ணாமலை பஸ் வந்தபோது வண்டி கொஞ்சம் அலைந்தது. ஒருபக்கமாக அமரும் எடைக்கு ஓட்டுபவர் தன் உடலை வலப்பக்கம் சற்றுச் சாய்த்து ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. கேன்கள் இரண்டும் சமமாகத் தொங்கியபோது அப்பாவுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது.

பத்து நாள் கழித்து எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்தோம்; புதிதாகப் போட்டதை இப்படிப் பார்த்தே ஆக வேண்டும். தகட்டுக் கிளாம்பின் நட் கால் சுற்று ஏறியது. கவட்டையின் பின் அசையவில்லை. இதற்குள் சிங்கவரம் மூன்று முறை, மருத்துவமனை ஒருமுறை. இடத்தகட்டின் கறுப்புப் பூச்சு செருப்புப் பட்டு உதிரத் தொடங்கியிருக்கிறது. வலப்பக்க ஃபுட்ரெஸ்டின் ரப்பரில் இன்னும் மண் படவில்லை.